டெபியன் 13க்கு மாறிய பிறகு கணினி ஹேங் ஆனது ஏன்? மண்டபத்து ஜெராக்ஸ் கடை அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடும் என் கடையில், விண்டோஸுக்குப் பதிலாக, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான், அதன் 11ஆம் பதிப்புக் காலத்திலிருந்தே. வைரஸ் தொல்லை இல்லை, பழைய பிரிண்டரும் ஓடுகிறது, 4 ஜிபி ராம் உள்ள கணினிக்கும் பாரமில்லை. 11லிருந்து 12க்கு மாறியபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஃபெர்ம்வேருக்கென்று (வன்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) தனியாகப் பிரித்த புதுப் பிரிவை, மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தேன், வேலை முடிந்தது.

டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9 அன்று. பிழைப்பு ஓடும் கணினியில் முதல் திருத்தப் பதிப்பு வராமல் நான் கை வைப்பதில்லை. செப்டம்பரில் 13.1 வந்த பிறகு, பேக்கப் எடுத்துவிட்டு மாறினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 6.1லிருந்து 6.12 ஆனது. மாற்றமும் தடங்கல் இல்லாமல் முடிந்தது.

அப்புறம்தான் ஹேங் ஆகத் தொடங்கியது. சில சமயம் மவுஸ் நகராது, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும், ரொம்ப நேரம் கழித்து பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும். வேறு சில சமயம் மவுஸ் நன்றாக நகரும், ஆனால் எந்தக் கோப்பையும் சேமிக்க முடியாது. ‘படிக்க மட்டும்’ என்று பிழை காட்டும். கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி, “அண்ணே, பேசாம பழையதையே போட்டுருவோம்” என்றான். ராமநாதபுரத்தில் கணினி பழுது பார்க்கும் ஒருவர் போனிலேயே மதர்போர்டு போய்விட்டது என்றார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. புதுப் பதிப்பிலிருந்து பழையதற்குப் பின்னோக்கி இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். காரணம் தெரியாமல் அந்த வேலையில் இறங்கினால் அதே நோய் திரும்ப வராது என்று யார் சொல்வது?

முதலில் கெர்னல்மீதுதான் சந்தேகம். இதைச் சோதிக்கச் செலவே இல்லை. மேம்படுத்திய பிறகும் பழைய 6.1 கெர்னல் நாமாக நீக்காதவரை டிஸ்கில் இருக்கும். கணினியைத் தொடங்கும்போது கிரப் மெனுவில் கூடுதல் தேர்வுகளுக்குள் போய் அதைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் இரண்டு கோளாறும் வந்தன. ஆகவே கெர்னல் குற்றவாளி இல்லை.

அடுத்து, நடப்பதையெல்லாம் கணினி தானே எழுதி வைக்கும் பதிவேடு. ஹேங் ஆன கணினியை அணைத்துப் போட்டால் தடயம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். டெபியன் 11லிருந்து பதிவுகள் டிஸ்கிலேயே தங்குகின்றன. ஜர்னல்சிடிஎல் கட்டளையிடம் கணினி முந்தைய முறை ஓடியபோதான பதிவை மட்டும் கேட்டு, அதன் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். மவுஸ் நகராத நாட்களில் நினைவகம் தீர்ந்துவிட்டது, பிரவுசரைக் கொன்றுவிட்டேன் என்று கெர்னலே எழுதி வைத்திருந்தது. சேமிக்க முடியாத நாட்களில் டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா இணைப்பு அறுந்து, மறுபடி முயன்று, தோற்ற வரிகள். இரண்டும் வேறு வேறு நோய். இதைப் பிரித்துப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது.

நினைவகம் ஏன் தீர்ந்தது? டெபியன் 13ல் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இயல்பாகவே டிஸ்கில் இல்லை, ராமில் இருக்கிறது. மொத்த ராமில் பாதி வரை அது வளரலாம். என் கணினியில் அது 2 ஜிபி. இப்போது கணக்குப் பாருங்கள்: ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 26 எம்பி. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி வில்லங்கச் சான்று வரை ஒரு கட்டைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்வார்கள். என் ஸ்கேன் மென்பொருள் பக்கங்களையெல்லாம் டெம்பில்தான் குவிக்கும். ஐம்பது பக்கத்துக்கே 1.3 ஜிபி போய்விடும். மிச்சத்தில் பிரவுசரும் அரசு இணையதளமும் மூச்சுத் திணறும். இதில் கவனிக்க வேண்டியது, கெர்னல் பிரவுசரைக் கொன்றாலும் டெம்பில் கிடக்கும் கோப்புகள் அப்படியே ராமில் இருக்கும் என்பதுதான். ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதியான ஸ்வாப்புக்கு அவை தள்ளப்படும்போதுதான் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது.

இந்த மாற்றம் டெபியன் 13 வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது, பழைய முறைக்குத் திரும்பும் வழியோடு. சிஸ்டம்சிடிஎல் கட்டளையால், டெம்பை ராமில் ஏற்றும் டெம்ப் மவுண்ட் யூனிட்டை ‘மாஸ்க்’ செய்து, அதாவது இயங்காதபடி முடக்கி, ரீபூட் செய்தேன். டெம்ப் டிஸ்குக்குத் திரும்பியது, முதல் வகை ஹேங் அன்றோடு நின்றது. ராம் நிறைய உள்ளவர்களுக்கு டெம்ப் ராமில் இருப்பது நல்ல மாற்றம்தான், டிஸ்கின் தேய்மானம் குறையும். 4 ஜிபி வைத்துக்கொண்டு ஸ்கேன், வீடியோ வேலை செய்பவர்கள் மேம்படுத்திய அன்றே அதை மாஸ்க் செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது நோய்க்கும் டெபியனுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் டிஸ்கின் உடல்நிலையைப் பார்த்தேன். பழுதான செக்டர் ஒன்றுகூட இல்லை. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும்போது தரவு சிதைந்ததை எண்ணும் சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. டிஸ்க் நன்றாக இருந்து அந்த எண் மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பியிலோதான் கோளாறு. கழற்றிப் பார்த்தால் தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்தது. எங்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்போடுதான் வரும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டிருக்கின்றன; கடை மூலையில் கிடக்கும் கேபிள் எம்மாத்திரம்? பூட்டுக் கிளிப் உள்ள புதுக் கேபிள் மாற்றி, டிஸ்கின் முனைகளையும் ராமின் முனைகளையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். டெபியன் 12லும் இது வந்திருக்கும். மேம்படுத்தும்போது ஆயிரக்கணக்கான கோப்புகளை எழுதி டிஸ்குக்கு வேலை கொடுத்ததால் முன்கூட்டியே தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சிஆர்சி எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது. அதனால் பழைய எண்ணைப் பார்த்து, கேபிள் மாற்றியும் சரியாகவில்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். மேலே ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். என்னுடையது அன்றிலிருந்து ஏறவில்லை.