கௌலுக்குள் ஒளித்து விற்ற பழைய எஞ்சின்: என் 21,500 ரூபாய் போன விதம்

நேற்று மாலைதான் அந்தக் கடைக்காரர் "இனிமேல் இதற்காக அழைக்காதீர்கள் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். இரவு முழுக்கத் தூக்கமில்லை. ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானத்துக்கு எஞ்சினும், அதை மூடும் மூக்கு உறையான கௌலும் எப்படிப் பொருத்த வேண்டும், எங்கெல்லாம் ஏமாறுவோம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் பொறுமையாக எழுத முடியும் என்று தெரியவில்லை. 21,500 ரூபாய், கொஞ்சநஞ்சப் பணமா?

பால்சா என்ற லேசான மரத்தில் ஒரு தாழ்சிறகு விமானத்தை எட்டு மாதமாக நானே கட்டினேன். எஞ்சின் பகுதியில் மட்டும் எனக்குக் கை வராது. கண்ணாடியிழைக் கௌலில் ஒரு வெட்டு தவறிப் போனால் கௌலே போய்விடும் என்ற பயம். அதனால் எஞ்சின் விற்று, பொருத்தியும் கொடுக்கும் ஒரு மாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். எஞ்சினுக்கு 16,000, எஞ்சினைத் தாங்கும் மவுன்ட், புரொப்பெல்லரின் நடுவில் வரும் கூம்பான ஸ்பின்னர், கௌல் வெட்டும் கூலி எல்லாம் சேர்த்து 5,500.

என்னை விழ வைத்தது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். விமானத்தை இரண்டு கைகளிலும் தாங்கி வாங்கிக்கொண்டார். சிறகு ஒட்டிய இடத்தை விரலால் தடவி, "இதைக் கட்டியவர் கையைப் பார்க்க வேண்டும் சார்" என்றார். எட்டு மாதத்தில் வீட்டில் ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை. டீ வரவழைத்தார். அலமாரியில் இருந்த ஜப்பான் எஞ்சின் பெட்டியைக் காட்டினார். ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. "உங்கள் எதிரிலேயே பிரிக்கட்டுமா?" என்று கேட்டார். நான் பெரிய மனிதன்போல, "எதற்கு? நம்பிக்கைதானே" என்று சொல்லிவிட்டு முழுப் பணத்தையும் அங்கேயே போனில் அனுப்பினேன். கடைப் பெயருக்கு அல்ல, அவருடைய சொந்த எண்ணுக்கு. என்ன முட்டாள்தனம்!

பத்து நாள் கழித்து விமானம் வந்தது. கௌல் மூடி, ஸ்பின்னர் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்து, பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகில்தான் நான் கௌலைக் கழற்றிப் பார்க்கவே இல்லை.

தரையில் முதல் டேங்க் எரிபொருளை, அதன் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் திருகை நன்றாகத் திறந்து வைத்து, புகை கக்கக் கக்கத்தான் ஓட்டினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பாதி போனதும் சத்தம் இறங்கியது, ஒரு கிறீச்சிடல், நின்றது. புரொப்பெல்லரைத் திருப்பினால் கல்லைத் திருப்புவது போல இருந்தது.

எங்கள் மைதானத்துக்கு வரும் ஓர் அண்ணன், வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்று ஓய்வு பெற்றவர், கௌலைக் கழற்றினார். முதலில் அவர் கேட்டது, "தம்பி, உள்ளே போகிற காற்று வெளியே எங்கே போகும்?" முன்னால் இரண்டு வாய் இருக்கிறது. அடியில் வெளியேற வழியே வெட்டவில்லை. சைலன்சர் நீட்டிக்கொண்டிருக்கும் துளையைச் சுற்றி நூல் அளவு இடைவெளி, அவ்வளவுதான். சூடான காற்று விரியும், அதனால் வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். சிலிண்டர் இல்லாத பக்கத்து வாயை உள்ளிருந்து அடைத்தால்தான் காற்று சிலிண்டரின் தகடுகளுக்கு இடையே புகுந்து போகும். இரண்டும் இல்லை. எஞ்சினை அடுப்பில் வைத்து மூடியதுபோல மூடியிருக்கிறார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். விமானம் இடப்பக்கம் இழுக்காமல் இருக்க எஞ்சினின் மூக்கு இரண்டு டிகிரி வலப்பக்கம் பார்க்க வேண்டும். அந்தச் சாய்வு இந்தக் கிட்டில் எஞ்சினைப் பொருத்தும் பிளைவுட் பலகையான ஃபயர்வாலிலேயே இருக்கிறது. மூக்கு வலப்பக்கம் போவதால் மவுன்டை அந்த அளவுக்கு இடப்பக்கம் தள்ளித் துளையிட வேண்டும், அப்போதுதான் ஸ்பின்னர் கௌலின் நடுவில் வரும். இவர்கள் பிளைவுட்டின் நட்டநடுவில் துளை போட்டிருக்கிறார்கள். ஸ்பின்னர் ஓரத்துக்குப் போயிருக்கும். உடனே மவுன்டுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் வாஷர்களை அடுக்கி எஞ்சினை நேராக்கிவிட்டார்கள். சாய்வு போயே போய்விட்டது. நான் ரசித்த அந்தக் கச்சிதம் இதுதான்!

கடைசியாக அண்ணன் எஞ்சினைக் கழற்றி அதன் காதுகளை, அதாவது மவுன்டில் ஸ்க்ரூ போட இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளைக் காட்டினார். ஒவ்வொரு ஸ்க்ரூத் துளையைச் சுற்றியும் இரண்டு வட்டத் தடம். உள்வட்டம் இவர்கள் போட்ட ஸ்க்ரூவின் தலை. வெளிவட்டம் அதைவிடப் பெரிய வாஷருடையது. என் விமானத்தில் எஞ்சின் காதின் மேல் வாஷரே கிடையாது. அப்படியென்றால் இந்த எஞ்சின் இதற்கு முன் வேறொரு விமானத்தில் இருந்திருக்கிறது. பின் பேரிங்கில் துரு. எரிபொருளில் இருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டிய பிறகு எண்ணெய் விடாமல் மாதக்கணக்கில் போட்டு வைத்த எஞ்சினில்தான் இப்படித் துரு ஏறும். என் மூன்று டேங்கில் ஏறாது. 16,000 ரூபாய்க்குப் புதிது என்று விற்றது யாரோ ஓட்டித் தூக்கிப் போட்ட எஞ்சின்.

அதன் பிறகு நடந்த கூத்து இது. முதல் நாள்: "நீடிலை நீங்கள் தொட்டீர்களா? எண்ணெய் போதாமல் ஓட்டியிருப்பீர்கள்." மூன்றாம் நாள்: "முதலாளி வெளியூரில் இருக்கிறார்." இவர்தான் முதலாளி என்று நினைத்தல்லவா டீ குடித்தேன்! ஒரு வாரம் கழித்து, தடங்களின் படங்களை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தன, பதில் இல்லை. நேரில் போனபோது, ரசீதில் "எஞ்சின், பொருத்தும் கூலி" என்றுதானே இருக்கிறது, "புதியது" என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் இன்னொருவர் தன் விமானத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் டீ வந்திருந்தது.

நேற்று அந்தக் கடைசிப் போன். இன்று காலை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 21,500 திரும்பி வருமா, தெரியாது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், முடியவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான். பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். காதுகளையும் சைலன்சர் வாயின் உட்புறத்தையும் படம் எடுங்கள். ரசீதில் "புதியது" என்ற சொல்லும் எஞ்சின் எண்ணும் வேண்டும். கௌலைக் கழற்றி எஞ்சினைப் பார்க்கும் முன் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இப்படிப் பொருத்தி வாங்கியவர்கள் இன்று இரவே எஞ்சின் காதுகளில் இருக்கும் அந்த நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள், பணம் கேட்க இன்னும் நாள் இருக்கும்போதே.