கழுவியதாகக் காசு வாங்கினார்கள். துளைக்குள் சேறு அப்படியே இருந்தது

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகு முதலாளிகளான சம்மாட்டிகள் படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பார்கள். இந்த முறை வேலை குவிந்துவிட்டதால், வலை இழுக்கும் வின்ச்சுக்காகக் கடைந்த 18 ஷாஃப்ட்டுகளை (சுழல்தண்டுகளை), ஓரங்களில் நீட்டி நிற்கும் உலோகப் பிசிறை நீக்கித் தரும்படி வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினேன். கிரீஸ் செல்வதற்காக நடுவிலும் குறுக்கிலும் துளையிட்ட ஷாஃப்ட்டுகள் அவை. பில்லில் பிசிறு நீக்கும் கூலி தனி, கழுவும் கூலி ஒன்றுக்கு 60 ரூபாய் தனி. வெளிப்புறம் பளபளவென்று இருந்ததை நம்பி, துளைக்குள் பார்க்காமல் வாங்கிக்கொண்டது என் தவறுதான்.

தடை முடிந்த முதல் வாரத்திலேயே இரண்டு படகுகளில் வின்ச் இறுகிவிட்டது. கழற்றினால், ஷாஃப்ட் சுழலும் வெண்கலக் குழலான புஷ்ஷின் உள்ளே சாம்பல் நிறக் களிம்பு. ஷாஃப்ட்டின் மேல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள். பிசிறு நீக்குவதற்காக அதிரும் தொட்டியில் ஷாஃப்ட்டுகள் பீங்கான் கற்களோடு புரளும்போது, பிசிறோடு கற்களும் தேய்ந்து சேறாகும். அதை ஈரம் காய்வதற்கு முன்பே அலசி எடுக்காவிட்டால் துளைக்குள் காரைபோல் இறுகிவிடும். பிறகு கிரீஸை அழுத்தி ஏற்றும்போது அந்தப் பொடி புஷ்ஷுக்குள் தள்ளப்பட்டு, மென்மையான வெண்கலத்தில் பதிந்துகொண்டு, அதைவிடக் கடினமான ஷாஃப்ட்டையே உப்புத்தாள்போல் அராவிவிடுகிறது.

நேரில் போய் விசாரித்தேன். அங்கே கழுவுவது என்றால் பழைய டீசலில் ஒரு முக்கு, கம்ப்ரஸர் காற்றில் ஓர் ஊது, அவ்வளவுதான் என்று வேலை செய்யும் தம்பியே சொன்னார். மறுமுனை அடைபட்ட துளையில் காற்றை அடித்தால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். உரிமையாளரோ, “பிசிறு போயிருச்சுல்ல அண்ணே, அப்புறம் என்ன?” என்று கேட்டுவிட்டு, கழுவிய கூலியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

இப்படி வேலை கொடுப்பவர்கள், எதில் கழுவுகிறார்கள், ஒவ்வொரு துளைக்கும் பிரஷ் விடுகிறார்களா, கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் கரையோரத்து உவர்நீரில் அலசிய இரும்பு, எண்ணெய் பூசுவதற்குள் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். பொருளை வாங்கும்போது, கம்பியில் வெள்ளைத் துணியைச் சுற்றித் துளைக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். மீதி 16 ஷாஃப்ட்டுகளையும் திரும்ப வாங்கி அப்படிப் பார்த்தேன். ஒன்றில்கூடத் துணி வெள்ளையாக வெளியே வரவில்லை. சோப்புக் கரைசலைச் சுடவைத்து, பிரஷ் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி எண்ணெய் பூசி நானே மாட்டிக் கொடுத்தேன். கெட்டுப்போன இரண்டு ஷாஃப்ட்டுகளையும் அவற்றின் புஷ்களையும் என் செலவிலேயே புதிதாகக் கடைந்தேன். ஆனால் அறுபது நாள் வருமானமின்றிக் காத்திருந்த அந்த இரு சம்மாட்டிகள் முதல் கடல் பயணத்துக்காக ஐஸுக்கும் டீசலுக்கும் போட்ட பணத்தை என்னால் ஈடுகட்ட முடியவில்லை.