ஒயர்லெஸ் புகை அலாரம்: பட்டனை அழுத்திப் பார்த்தால் மட்டும் போதாது

ஆன்லைனில் ‘ஒயர்லெஸ் ஸ்மோக் டிடெக்டர்’ என்று தேடினால் வெள்ளை நிற வட்டப் பெட்டிகள் வரிசையாக வரும். பார்க்க எல்லாம் ஒன்றுதான். உள்ளே மூன்று வகை இருக்கிறது: வைஃபையில் போனுக்குச் செய்தி அனுப்புவது, ஹப் எனும் மையக் கருவி ஒன்றின் கீழ், குறைந்த சக்தி ரேடியோவில் ஓடும் ஜிக்பீ வகை, ஹப்பே இல்லாமல் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ரேடியோ இணைப்பு வகை. இவற்றில் தேர்வு செய்ய ஒரே கேள்வி போதும். இன்டர்நெட்டும் கரண்டும் இல்லாத இரவில் ஹாலில் புகை கிளம்பினால், கதவைச் சாத்தித் தூங்குகிறவர் தலைமாட்டில் அலாரம் கத்துமா?

அட்டையில் எல்லா கம்பெனியும் 85 டெசிபல் என்று போடும். அது 3 மீட்டர் தூரத்தில் அளந்த கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும், நடுவில் சாத்திய கதவு ஒரு பெரும் பங்கைத் தின்றுவிடும், ஏசியும் ஃபேனும் மிச்சத்தை மூடிவிடும். தூங்குகிறவரை எழுப்பத் தலையணை மட்டத்தில் 75 டெசிபல் வேண்டும் என்பது அமெரிக்கத் தீ அலாரம் தரமான என்எஃப்பிஏ 72-இன் விதி. சாதாரண பசர் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சுக் குரலில் கத்துகிறது. வயதானவர்களின் காது முதலில் இழப்பதும் அந்தச் சுருதியைத்தான். எனவே ஹாலில் மட்டும் ஒன்றை மாட்டினால் போதாது. படுக்கையறைதோறும் ஒன்று வேண்டும், ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும்.

வைஃபை வகை இந்தத் தேர்வில் தோற்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அது எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். புகை வந்த பிறகுதான் விழித்து ரவுட்டரைத் தேடி, சர்வருக்குப் போய், அங்கிருந்து போனுக்கு வரும். ஒன்று கத்தினால் மற்றது கத்துவதும் பெரும்பாலான மாடல்களில் அந்த சர்வர் வழியாகத்தான். ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றினால் சத்தமில்லாமல் தொடர்பு அறுந்துவிடும், ஆப்பில் பழைய ‘நார்மல்’ அப்படியே நிற்கும். ஊருக்குப் போயிருக்கும்போது காலி வீட்டைக் கவனிக்க உதவும். தூங்குகிற குடும்பத்துக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஜிக்பீ வகையை ஒழுங்காக அமைத்தால் நல்ல தேர்வு. ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ‘ஹாலில் புகை என்றால் சைரன் அடி’ என்ற விதி ஹப்புக்குள்ளேயே ஓடுகிறதா, கிளவுடுக்குப் போய் வருகிறதா? அடுத்தது, அந்த மாடலை வெளியிலிருந்து கட்டளை கொடுத்துக் கத்தவைக்க முடியுமா? பலவற்றில் முடியாது, தன் புகைக்குத்தான் கத்தும். அப்போது படுக்கையறைக்குத் தனி ஜிக்பீ சைரன் வாங்க வேண்டும், விலைக் கணக்கே மாறிவிடும். பேட்டரியில் ஓடும் டிடெக்டர்கள் ஒன்றின் சிக்னலை இன்னொன்று கடத்தாது. செங்கல் சுவரும் கான்கிரீட்டும் உள்ள வீட்டில் நடுவில் கடத்திவிட ஸ்மார்ட் பிளக் ஒன்று தேவைப்படும். அந்தப் பிளக்கும் ஹப்பும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போன நொடியில் வலை கிழிந்துவிடும். வைஃபை 1, 6, 11 சேனல்களின் இடைவெளியிலும் அவற்றுக்கு அப்பாலும் விழும் ஜிக்பீ 15, 20, 25 சேனல்களில் ஒன்றை ஹப்பில் வைத்தால் இடைஞ்சல் குறையும்.

ரேடியோ இணைப்பு வகைதான் நம் முதல் பரிந்துரை. ஹப், ஆப், ரவுட்டர் எதுவும் வேண்டாம். அதில் உள்ள சிக்கல் அலைவரிசை. இந்தியாவில் உரிமம் இல்லாத குறைந்த சக்திக் கருவிகளுக்கு 865–868 மெகாஹெர்ட்ஸும், 433 பக்கத்தில் ஒரு சிறு பகுதியும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய மாடல்கள் பெரும்பாலும் 868.0-க்குக் கொஞ்சம் மேலே, அதாவது இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே ஓடும். அமெரிக்க மாடல்களின் 902–928 பட்டை, இங்கே செல்போன்கள் பேசும் 900 பட்டையோடு மோதுகிறது. ஆகவே அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் ‘ஆறு பீஸ் பேக் ஒன்று வாங்கிட்டு வாங்க’ என்று சொல்லாதீர்கள். கூகுளின் நெஸ்ட் ப்ரொடெக்டும் வேண்டாம். அதன் தயாரிப்பை நிறுத்துவதாக 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள்.

எந்த வகையானாலும் சென்சார் ‘போட்டோஎலக்ட்ரிக்’ என்று இருக்கட்டும். இருட்டு அறைக்குள் ஓர் இன்ஃப்ராரெட் எல்இடி, அதன் நேர்க்கோட்டில் இல்லாமல் சாய்வாக ஒரு ஒளி உணரி. புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் விழும். மெத்தை, ஒயர் இன்சுலேஷன் போலப் புகைந்து புகைந்து பற்றும் தீயை இது சீக்கிரம் பிடிக்கும். அயனைசேஷன் என்ற இன்னொரு வகை சென்சாரில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. இங்கே அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வரும் பொருள், வீட்டுக்குத் தேவையில்லை. பெட்டியில் இஎன் 14604 (ஐரோப்பா) அல்லது யுஎல் 217 (அமெரிக்கா) தர எண் இல்லாததைத் தொடவே வேண்டாம். யுஎல் 217-இன் எட்டாம் பதிப்பில் சமையல் புகைக்கு வீணாகக் கத்தாமல் இருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். சோதிப்பது ஹாம்பர்கர் புகையில். நம் மிளகாய்த் தாளிப்பு அந்தப் பரீட்சையில் இல்லை.

கேஸ் கசிவை இது கண்டுபிடிக்காது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதற்கான டிடெக்டர் வேறு; தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குள் மாட்டுவது. புகை அலாரம் கூரையில். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்குகிறவர்கள் ஏராளம்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மூன்று புகை அலாரம் வேண்டும்: அறைக்கு ஒன்று, ஹாலிலோ அறைகளுக்கு முன்னால் உள்ள நடையிலோ ஒன்று. சமையலறைக்குப் புகை அலாரம் சரிப்படாது, வெப்ப அலாரம் வாங்குங்கள். 54 முதல் 65 டிகிரிக்குள் அடிக்கும் வகை பொருத்தம். மின்சார ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போடுகிற இடம் இருந்தால் அங்கேயும் ஒரு புகை அலாரம் மாட்டுங்கள். இன்றைய வீடுகளில் அதைவிட அவசியமான இடம் இல்லை.

மாட்டும் இடம் கூரை. சுவரிலிருந்தும் ட்யூப்லைட்டிலிருந்தும் 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று அசையாது, புகை அங்கே தாமதமாகத்தான் வரும். சுவரில்தான் முடியும் என்றால் கூரைக்குக் கீழே 10 முதல் 30 செ.மீ.க்குள். அடுப்பிலிருந்து 3 மீட்டர், ஏசி காற்று வரும் வாயிலிருந்தும் குளியலறைக் கதவிலிருந்தும் 90 செ.மீ. விலகல் வேண்டும். ஃபேன் இறக்கை நுனியிலிருந்தும் 90 செ.மீ. என்பதுதான் நம் வீடுகளில் தலைவலி. 48 அங்குல ஃபேன் என்றால் நடுவிலிருந்து நுனி 60 செ.மீ.; அதோடு 90 சேர்த்தால் ஒன்றரை மீட்டர். பத்துக்குப் பத்து அறையில் ஃபேனிலிருந்து சுவருக்கே அவ்வளவுதான் தூரம். அதனால் மூலைப் பக்கம் போக வேண்டும்: இரண்டு சுவரிலிருந்தும் 30 செ.மீ. விட்டுக் குறித்தால் ஃபேன் நடுவிலிருந்து சுமார் 1.7 மீட்டர் கிடைக்கும். நான்கு மூலையில் கதவுப் பக்கத்து மூலையைத் தேர்ந்தெடுங்கள், ஏசி இருக்கும் மூலையை விடுங்கள். கூரைக்குக் கீழே பீம் இறங்கியிருந்தால், புகை வர வாய்ப்புள்ள பக்கத்தில் மாட்டுங்கள். அந்தப் பக்கம் தேங்கி நிரம்பிய பிறகுதான் புகை பீமைத் தாண்டும்.

மாட்டுவதற்கு முன்னால் இணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பேட்டரியின் பிளாஸ்டிக் நாக்கை இழுத்துவிட்டு, ஒன்றை இணைப்பு நிலையில் வைத்து மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் ரேடியோ வகையின் பொதுவான முறை. முடிந்ததும் இணைப்பு நிலையிலிருந்து வெளியே வந்துவிட்டதா என்று எல்இடியைப் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அறையின் பெயரையும் மாட்டிய தேதியையும் மார்க்கரால் எழுதிவிட்டால் பின்னால் ‘எது கத்துகிறது’ என்று தேட வேண்டியதில்லை. ஜிக்பீ வகையைப் பொறுத்தவரை, மேசையில் நன்றாக ஒட்டிக்கொண்டது கூரைக்குப் போனதும் தொடர்பை விட்டுவிட்டால், மாட்டிய இடத்திலேயே வைத்து மறுபடி இணைக்க வேண்டும். அப்போதுதான் அருகில் உள்ள பிளக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கான்கிரீட் கூரைக்கு ஹேமர் டிரில், 6 மி.மீ. பிட், 35 மி.மீ. ஆழம், 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக், இரண்டு திருகாணி. ஃபேன் பெட்டியிலிருந்து சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரை நோக்கி ஸ்லாபுக்குள் ஒயர் பைப் போகும்; அந்தக் கோட்டில் துளை போடாதீர்கள். அடித்தட்டை மட்டும் முதலில் பொருத்தி, தூசி அடங்கித் துடைத்த பிறகே டிடெக்டரைத் திருகி மாட்டுங்கள். துளைபோட்ட சிமெண்டுத் தூள் சென்சார் அறைக்குள் போனால், அதுவே நிரந்தரப் புகையாகிவிடும். பிஓபி ஃபால்ஸ் சீலிங்கில் சாதாரண பிளக் நிற்காது, ஜிப்சம் போர்டுக்கான ஆங்கர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியோடு வரும் இரட்டைப்பக்க டேப்பை டிஸ்டெம்பர், சுண்ணாம்பு அடித்த கூரையில் நம்பாதீர்கள். டேப் பிடித்திருக்கும், பெயிண்ட் உரிந்து வந்துவிடும். ஐப்பசி ஈரத்தில் இன்னும் சீக்கிரம்.

இனிச் சோதனை. டெஸ்ட் பட்டன் பேட்டரியையும் பசரையும் சர்க்யூட்டையும் சரிபார்க்கும். வலையில் தூசி அடைத்து, புகையே நுழைய முடியாத நிலையிலும் பட்டனுக்கு அது அழகாகக் கத்தும். புகை நுழைகிறதா என்று பார்க்க, டிடெக்டர் சோதனைக்கென்றே விற்கும் ஏரோசல் ஸ்ப்ரேயை டப்பாவில் சொன்ன தூரத்திலிருந்து ஒரு விநாடி அடித்தால் போதும். அது கிடைக்காவிட்டால் நாலைந்து ஊதுபத்தியை ஒன்றாகக் கொளுத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு சாண் கீழே பிடிக்கலாம். வலையோடு ஒட்டிப் பிடிக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படியும். கொசு மருந்து ஸ்ப்ரே, பாடி ஸ்ப்ரே அடித்துச் சோதிப்பது சென்சாருக்கு விஷம். கத்தும்போது மூன்று மூன்று பீப்பாக, நடுவே ஒன்றரை விநாடி இடைவெளியோடு வருவது தீ அலாரம். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒற்றைக் கீச் என்றால் பேட்டரி தீர்கிறது. வீட்டில் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, வாங்கியது வேலைக்கு ஆகுமா என்று முடிவு செய்யும் பரீட்சை. ரவுட்டரை நிறுத்துங்கள். மெயின் சுவிட்சையும் இறக்குங்கள். ஹாலில் உள்ளதை அடிக்கவைத்து, மற்றவை எத்தனை விநாடியில் சேர்ந்துகொள்கின்றன என்று பாருங்கள். ரேடியோ வகையில் சில விநாடிகளுக்கு மேல் ஆகக்கூடாது. பிறகு மெயினைப் போட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏசியை ஓடவிட்டு, ஒருவர் கட்டிலில் படுத்துக் கேட்க வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் காதே அளவுகோல். காது கேட்கும் கருவியைக் கழற்றிய பிறகு. அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் 520 ஹெர்ட்ஸ் தடித்த குரல் சைரனோ, தலையணைக்கடியில் அதிரும் தட்டோ வேண்டும். எல்லாவற்றையும் மேசையில் வைத்து ஒருமுறை பார்த்ததைச் சோதனையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். கூரையில் ஏறி, கதவு மூடிய பிறகுதான் ரேடியோவின் லட்சணம் தெரியும்.

வீண் அலாரம் வரும், அதற்கும் தயாராக இருங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, போகிப் புகை, தெருவில் வரும் மாநகராட்சிக் கொசுப்புகை வண்டி, இட்லிப் பானையைத் திறக்கும்போது எழும் ஆவி எல்லாம் சென்சாருக்குப் புகைதான். ஹஷ் பட்டன் உள்ள மாடலாக வாங்கினால் பத்து நிமிடம் போல வாயை மூடிக்கொண்டு பிறகு தானே விழித்துக்கொள்ளும். பாலிதீன் கவரைச் சுற்றிக் கட்டாதீர்கள், அவிழ்க்க மறந்துவிடும். பூஜை அறை வாசலிலிருந்தும் 3 மீட்டர் தள்ளியே மாட்டுங்கள். காரணமே இல்லாமல் நடு இரவில் அடித்தால் பூச்சியைச் சந்தேகியுங்கள். இஎன் 14604 தரத்தில் வலைக்கண் 1.3 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது; அதற்கும் சிறிய எறும்பும் சிலந்திக் குஞ்சும் நம்மூரில் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாக்யூம் கிளீனரின் மென்மையான பிரஷ்ஷால் சுற்றிலும் உறிஞ்சுங்கள். ஈரத்துணி கூடாது. பெயிண்ட் அடிக்க ஆள் வந்தால் கழற்றி வையுங்கள்; அதன் மேல் ஒரு கோட் அடித்துவிட்டுப் போவது சகஜம்.

பேட்டரி சிஆர்123ஏ என்றால் 3 வோல்ட் லித்தியம் மட்டுமே. அதே அளவில் கிடைக்கும் 16340 ரீசார்ஜபிள் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும், சர்க்யூட்டைக் கெடுத்துவிடும். பத்து வருட சீல் பேட்டரி மாடல் கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் டிவி ரிமோட்டுக்கு எடுத்துப் போட யாரும் கழற்ற முடியாது என்பதே அதன் பெரிய நன்மை. மாதம் ஒரு முறை பட்டன் சோதனை, வருடம் ஒரு முறை புகைச் சோதனை.

டெலிவரி வாங்கியதும் பின்பக்கத்தில் தயாரிப்பு தேதியைப் பாருங்கள். சென்சாரின் ஆயுள் பத்து வருடம், அது தயாரித்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, மாட்டிய நாளிலிருந்து அல்ல. இரண்டு மூன்று வருடம் கிடங்கில் கிடந்தது வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆயுள் முடிந்ததை லித்தியம் பேட்டரியோடு குப்பைத் தொட்டியில் போடாமல், பின்பக்கத்து அணைப்பு முள் இருந்தால் அதை அழுத்தி அணைத்துவிட்டு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.