மொட்டை மாடிப் பட்டறைக்கு வெல்டிங் மெஷினும் பிளாஸ்மா கட்டரும்

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் என் பட்டறை. செடித் தொட்டி ஸ்டாண்டு, ஜன்னல் கிரில், பக்கத்து வீட்டு கேட்டுக்குக் கீல் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். ராடை உருக்கி இரும்பை ஒட்டும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் ஒன்று, மின்சாரத்தாலும் அழுத்தக் காற்றாலும் தகட்டை வெட்டும் 40 ஆம்பியர் பிளாஸ்மா கட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். முதலாவதை யார் கேட்டாலும் வாங்கச் சொல்வேன். இரண்டாவதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

பாரிமுனைக் கடைகளில் ஆர்க் மெஷின்களை மஞ்சள், சிவப்பு, நீலம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். முன்பக்கம் 200, 250 என்று கொட்டை எழுத்து. மெஷினைத் திருப்பி ரேட்டிங் தகட்டைப் படியுங்கள். 200 ஆம்பியரில் ஆர்க் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி) எரிய சுமார் 28 வோல்ட் வேண்டும். பெருக்கினால் 5,600 வாட். வீட்டு 230 வோல்ட்டில் அதை எடுக்க, துளி நஷ்டம் இல்லாவிட்டாலும் 24 ஆம்பியருக்கு மேல் உள்ளே போயாக வேண்டும். தகட்டில் அதிகபட்ச இன்புட் 18 ஆம்பியர் என்று இருந்தால், அந்த 200 வெறும் எழுத்துதான். ஒரு கடையில் இதைக் காட்டிக் கேட்டேன். "எல்லாரும் விலையைக் கேட்டுட்டுப் போயிடுவாங்கம்மா, யாரும் பின்னாடி திருப்பிப் பாக்கறதில்ல" என்றவர், உள்ளே போய் வேறு மெஷினை எடுத்து வந்தார். தகடு சரியாக இருந்தது. அதைத்தான் வாங்கினேன், இன்றுவரை மனநிறைவு.

தகட்டில் டியூட்டி சைக்கிள், அதாவது விடாமல் வேலை செய்யும் நேரத்தின் பங்கு, 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்டிங், நான்கு நிமிடம் ஓய்வு. அதுவும் சுற்றியுள்ள காற்று 40 டிகிரி என்று வைத்துப் போட்ட கணக்கு. கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்கடியில் அதையும் தாண்டும். அந்த மாதங்களில் விடியற்காலை வேலைதான்.

18 கேஜ் (சுமார் 1.2 எம்.எம். கனம்) ஸ்கொயர் பைப்புக்கு 2.5 எம்.எம். 6013 ரக ராடு, 60 ஆம்பியர் பக்கம் வைத்து, நீளமாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, டேக் டேக்காகப் போட்டால் ஓட்டை விழாது. இந்த அளவு வேலைக்கு 16 ஆம்பியர் பிளக்கே தாங்கும். 3.15 ராடில் கனமான ஆங்கிள் ஒட்டுவதென்றால் மெயினிலிருந்து தனி லைன் கட்டாயம். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் இழுத்து, லோடு மீறினால் தானே அணையும் 32 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். மெஷினோடு வந்த, ஒட்டும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் மட்டும் மட்டம். சூடேறினால் ஆர்க் தடுமாறும். கனமான பித்தளை கிளாம்ப் தனியாக வாங்கி மாட்டினேன். ராடுக்கு மட்டும் ஈசாப், அடோர் என்று பெயர் பார்த்து வாங்குவேன். ஐப்பசி மழையில் பாக்கெட்டைத் திறந்து போட்டால் எந்த ராடும் ஈரம் குடித்துத் தெறிக்கும், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

இனி பிளாஸ்மா. 3 எம்.எம். தகட்டில் சாக்பீஸால் வளைவு வரைந்து, அதே கோட்டில் டார்ச்சை (கையில் பிடித்து வெட்டும் முனை) ஓட்டும்போது வருகிற சுகம் கிரைண்டரில் கிடைக்கவே கிடைக்காது. தகடும் அதிகம் நெளியாது. ஆனால் கடையில் வாங்குவது பாதி மெஷின்தான், மீதிப் பாதி கம்ப்ரசர். ஐந்து பார் அழுத்தத்தில் காற்று விடாமல் வர வேண்டும். 1 ஹெச்.பி. கம்ப்ரசர் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும், 2 ஹெச்.பி.யாவது வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் அதையும் கட்டரின் முழு 40 ஆம்பியரையும் ஒன்றாக ஓட்ட முடியாது. நான் 30 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. மெல்லிய தகட்டுக்கு அது போதும்.

இதைவிடப் பெரிய எதிரி நம் ஊர்க் காற்றின் ஈரம். மழைக்காலத்தில் கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்தால் துருப்பிடித்த தண்ணீர் கொட்டும். அது டார்ச்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று பார்க்க மெஷினை ஆஃப் செய்துவிட்டு முனையைக் கழற்றுங்கள். உள்ளே செம்பு எலக்ட்ரோடின் நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகம் குண்டூசித் தலையளவு பதிந்திருக்கும். ஆர்க் பிறப்பது அங்கேதான். காற்று உலர்ந்திருந்தால் அந்த இடம் மெதுவாகத்தான் குழியும். ஈரக் காற்றில் சீக்கிரமே பள்ளமாகி, ஆர்க் வெளியே வரும் நாசில் துளையும் கோணலாகி, வெட்டு சாய்ந்துவிடும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் ஃபில்டர் இல்லாமல் டார்ச்சைத் தொடாதீர்கள்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைச் சூடாக்கினால் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும். ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்கள். நைலான் துப்பட்டா, சிந்தடிக் சட்டை ஆகவே ஆகாது, முழுக்கை காட்டன்தான்.

நேர் வெட்டு மட்டும் போதுமென்றால் நாலு இன்ச் கிரைண்டரே போதும், பிளாஸ்மாவுக்குச் செலவழிக்காதீர்கள். தகட்டில் டிசைன் வெட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம். பில் போடும் முன்பே, அந்த டார்ச்சுக்கான நாசிலும் எலக்ட்ரோடும் அதே கடையில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஒரு செட் கையோடு வாங்கிவிடுங்கள்.