பாளை மார்க்கெட்டில் ஒரு ஆச்சியின் நாட்டு மருந்துக் கடை

திருநெல்வேலி - பாபநாசம் பஸ் ரூட்டில் கண்டக்டராக இருக்கிறேன். முதல் சிங்கிள் விடியுமுன்னே கிளம்பிவிடும். மார்கழியில் சேரன்மகாதேவி தாண்டினால் ரெண்டு பக்கமும் வயல், முன் கண்ணாடியில் பனி வழியும். ஷட்டர் எல்லாம் இறக்கியிருக்க, உள்ளே அம்பது பேர், அதில் பத்துப் பேராவது இருமுவார்கள். ஐப்பசி பிறந்தால் எனக்கும் சளி பிடிக்கும், தை வரை விடாது. என் டிரைவர்தான் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கிற இந்தக் கடைக்குப் போகச் சொன்னார்.

சின்னக் கடை. உள்ளே ரெண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஆச்சி ஒருத்தரே எடுத்து, நிறுத்து, இடித்துக் கொடுக்கிறார். சுக்குக் காபிப் பொடி கேட்டேன். "இடிச்சு வச்சா வாசம் போயிரும் அண்ணாச்சி. பத்து நிமிசம் நில்லுங்க" என்றார்.

ரெண்டு சாக்கு சுக்கு இருந்தது. ஒன்று வெள்ளை வெளேரென்று, இன்னொன்று மண் நிறத்தில். நான் வெள்ளையைக் காட்டினேன். "அது சுண்ணாம்புல முக்குனது. பாக்கத்தான் நல்லாருக்கும்" என்று மண் நிறத்தில் ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். உள்ளே நார் நாராக இருந்தது, காரம் மூக்கில் ஏறியது. பிறகு கத்தியால் தோலைச் சுரண்டினார். "சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு." மல்லி விதையை லேசாக வறுத்து, மிளகு, கொஞ்சம் திப்பிலி, ரெண்டு ஏலக்காய் சேர்த்து இடித்துத் தந்தார். நாங்கள் நாலு பேருக்கு ஒரு மாதம் வந்தது. கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து பிளாஸ்கில் கொண்டு போகிறேன்.

"இதைக் குடிச்சா சளி வராதா ஆச்சி?" என்று கேட்டேன். அவர் சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "தொண்டைக்கு இதமா இருக்கும். வராம தடுக்கும்னு நான் சொல்லமாட்டேன். நீங்க எச்சி தொட்டுல்லா ரூவா எண்ணுதீய?" அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம். இருமினவர் கை பட்ட நோட்டைத் தொட்ட அதே விரலை வாய்க்குக் கொண்டு போயிருக்கிறேன். இப்போது சின்ன டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறேன். பஸ் போய்ச் சேரும் ரெண்டு ஊரிலும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். பின் பக்கம் நாலு ஷட்டரை ஏற்றியே வைக்கிறேன். குளிருகிறது என்று சண்டைக்கு வருவார்கள். மூச்சுக் காற்று உள்ளேயே சுற்றுவதுதான் கெடுதல் என்று சொல்லிப் பார்ப்பேன். போன மார்கழியில் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சளி பிடித்தது, அதுவும் நாலு நாளில் போய்விட்டது.

அதே வருஷம் கார்த்திகையில் சின்னவனுக்குக் காய்ச்சல். நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் வாங்கப் போனேன். ஆச்சி பொட்டலம் கட்டவே இல்லை. "எத்தனையாவது நாளு?" மூணாவது நாள். "கண்ணுக்குப் பின்னால வலிக்குங்கானா?" ஆமாம். "இங்க நிக்காதீய. ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் எடுத்துப் பாருங்க. பாரசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை எதுவும் குடுத்துராதீய." டெங்குதான். அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கின பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும், வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று டாக்டரம்மா எச்சரித்தார். இறங்கினதும் சரியாயிற்று என்று நான் வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன். அன்றைக்கு ஆச்சிக்குப் போன வியாபாரம் எண்பது ரூபாய்.

வீட்டுக்கு வந்து தேடினால் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் புழு நெளிந்தது. டெங்குக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் ஞாயிறுதோறும் அந்தத் தட்டையும் தண்ணீர் டிரம்மையும் தேய்த்துக் கழுவுகிறோம். வெறுமனே கொட்டினால் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கிய வாரமும் கடையில் கூட்டம் நெரிந்தது. கசாயம் கேட்டவரிடம் எல்லாம் ஆச்சி முதலில் சொன்னது, "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க."

குறையும் உண்டு. ஒரு தடவை கருப்பட்டி நமத்து அடியில் பூஞ்சை பிடித்திருந்தது. கொண்டு போனதும் மாற்றித் தந்தார், ஆனாலும் மழைக்காலத்தில் அங்கே கருப்பட்டியை உடைத்துப் பார்த்தே வாங்குங்கள். ஜிபே கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார். விலை மற்ற கடையைவிடப் பத்து இருபது ரூபாய் கூட. ஆடாதோடை கேட்டால் வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று விசாரிப்பார், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு அது ஆகாது. நொச்சித் தழை கட்டு பத்து ரூபாய், காலை எட்டு மணிக்குள் போனால் வாடாமல் கிடைக்கும்.