எட்டு வருடம், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு காமன் ரெயில் டீசல்

எனக்குச் சேலம் கோரிமேட்டில் வீடு. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று தடவையாவது மலை ஏறி இறங்குவேன். 2017 நவம்பரில் வாங்கிய டீசல் வண்டி இப்போது 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, காமன் ரெயில், புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி பி.எஸ்.4. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சீட்டு எப்படி, ஏ.சி. எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது டேங்கிலிருந்து, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் வரைக்கும் டீசல் போகிற பாதையைப் பற்றி. இந்த எட்டு வருடத்தில் எனக்கு வந்த பெரிய செலவு அந்த வழியாகத்தான் வந்தது. வண்டி மேல் எனக்கு இருக்கிற மரியாதையும் அதனால்தான்.

முதலில் அப்பாவின் ஜீப்பைச் சொல்லிவிடுகிறேன். மகிந்திரா ஜீப், பீஜோ எஞ்சின், 2,112 சி.சி., டர்போ கிடையாது. 2009 வரை எங்களிடம் இருந்தது. மார்கழி விடியலில் ஏற்காட்டில் அதை எழுப்புவது ஒரு வேலை. சாவியைத் திருப்பி ஹீட்டர் காய விட்டு, அப்புறம் செல்ஃப் அடிக்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை, பிறகு டக டக என்று ஒரு அடி, அதற்கப்புறம்தான் சீராகும். அந்த எஞ்சினில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாது. பக்கத்தில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் போய், அங்கே பற்றிக்கொண்டு, பிறகு சிலிண்டருக்குள் வரும். அந்தச் சின்ன அறையின் சுவர் குளிர்ந்து கிடந்தால் சூட்டை உறிஞ்சிவிடும். ஹீட்டர் இல்லாமல் அது கிளம்பாததற்குக் காரணம் இதுதான்.

டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்குகிறது. சைக்கிளுக்கு வேகமாகக் காற்றடித்துவிட்டு பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும் அல்லவா, அதே சங்கதிதான். சிலிண்டருக்குள் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 250 டிகிரி இருந்தாலே போதும். ஆகவே தீ வைக்கிற கவலை இல்லை. டீசலை எந்த நொடியில் விடுவது, எவ்வளவு விடுவது, எவ்வளவு பொடியாகத் தெளிப்பது என்பதில்தான் முழுக் கவலையும். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் அழுத்தமான காற்றை வைத்துத்தான் எண்ணெயை உள்ளே ஊதினார்கள். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும், அதை எந்த வண்டியில் ஏற்றுவது? 1927இல் பாஷ் கம்பெனி இன்ஜெக்‌ஷன் பம்ப்பைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தரத் தொடங்கிய பிறகுதான் லாரிக்கு டீசல் சரியாகப் பொருந்தியது. நம் ஊர்ப் பட்டறைகளில் பெரியவர்கள் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்கிறார்களே, அது அதே பாஷின் இந்தியக் கம்பெனி. 1951இல் தொடங்கி பெங்களூரில் தொழிற்சாலை நடத்திய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008இல் பாஷ் என்றே மாற்றிவிட்டார்கள், பட்டறையில் மட்டும் பெயர் மாறவில்லை.

பழைய பம்ப்பில் எல்லாமே இரும்பும் ஸ்பிரிங்கும்தான். எஞ்சின் சுற்ற பம்ப்பும் சுற்றும், அழுத்தம் ஏறும், நாசில் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும், டீசல் பீய்ச்சும். ஸ்லோ ஸ்பீடில் அழுத்தம் குறைவு, வேகத்தில் அதிகம். என் வண்டியில் அந்த இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார்கள். பம்ப்பின் வேலை அழுத்தத்தை ஏற்றி வைப்பது மட்டும். எஞ்சின் ஓடுகிற வரை, ரெயில் என்கிற தடித்த குழாயில் டீசல் எப்போதும் அழுத்தத்தோடு தயாராக நிற்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எப்போது திறப்பது என்பதை இ.சி.யூ. என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் முடிவு செய்து மின்சாரத்தால் திறக்கும். காரில் இது முதலில் வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156இல்.

ரெயிலில் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? எஞ்சின் ஓடி, வண்டி சும்மா நிற்கும்போது 250, 300 பார். ஏற்றத்தில் மிதித்தால் 1,600 பார் வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டேகால் பார்கூட இல்லை, அதைப்போல எழுநூறு மடங்கு. ஒரு தடவைக்கு எவ்வளவு டீசல் என்று நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2,000 ஆர்.பி.எம்.மில் மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 3,000 தெளிப்பு. மணிக்கு நான்கு லிட்டர் குடித்தால், ஒரு தெளிப்புக்கு 22 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டில் பாதிகூட இல்லை! அந்தப் பாதிச் சொட்டையும் ஒரே மூச்சில் விடுவதில்லை. முதலில் ஒரு துளியைத் தெளித்து, அது பற்றிக்கொண்ட பிறகு மிச்சத்தை விடுகிறது. அப்பாவின் ஜீப்பில் தெருமுனையிலிருந்தே கேட்கும் அந்த 'டக டக', தேங்கிய டீசல் மொத்தமாக ஒரே நேரத்தில் பற்றுகிற சத்தம். முன்கூட்டித் தெளிக்கிற இந்தச் சின்னத் துளிதான் அதை அடக்கியது.

இனி மலைக்கு வருகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அப்பாவின் ஜீப்புக்கு இது தெரியாது. கீழே ஊற்றிய அதே டீசலை மேலேயும் ஊற்றும், எரிக்கக் காற்று போதாது. அதனால் கடைசி வளைவுகளில் கரும்புகை தள்ளும், பிக்கப் செத்துவிடும். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடிப்பார். இப்போதைய வண்டியில், புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ, குறைந்த காற்றை ஈடுகட்டுகிறது. எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார் சொல்ல, அதற்குத் தக்க டீசலைத்தான் இ.சி.யூ. விடுகிறது. ஆறு மூட்டை காப்பிக்கொட்டையோடு இறங்குவதும், உர மூட்டையோடு ஏறுவதும் இந்த எட்டு வருடத்தில் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்திருக்கின்றன. ஒரு குறை மட்டும் உண்டு. கொண்டை ஊசியில் வேகம் குறைந்து 1,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே விழுந்துவிட்டால் டர்போ தூங்கிவிடும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் கியரைத் தேடினால் வண்டி திணறும்.

இறக்கத்தில் சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். பிரேக் காய்ந்து பிடிக்காமல் போவது ஒரு பக்கம், டீசலும் மிச்சமாவதில்லை. கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காமன் ரெயில் எஞ்சின் டீசலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். நான் இரண்டாவது கியரில்தான் இறங்குவேன். முன் பிரேக் பேடு 60,000 கி.மீ. வந்தது.

2021 மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நல்ல மழையில் கீழே ஒரு பங்கில் டேங்க் நிரப்பிக்கொண்டு ஏறினேன். பதிமூன்றாவது வளைவில் வண்டி இழுக்கவில்லை. மீட்டரில் சொட்டு போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அது டீசலில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கான விளக்கு. அன்றுவரை அந்த விளக்கு ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மேலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இன்னும் ஏழு வளைவு ஓட்டினேன். அதுதான் நான் செய்த தவறு. மறுநாள் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், மேலே டீசல், கீழே மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

ஃபில்டர் மாற்றி, டேங்கைக் கழுவி ஓட்டினேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது, நிற்கும்போது மிஸ்ஸிங். சேலத்தில் லாரி பம்ப் பார்க்கிற ஒரு பழைய பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் போனட்டைத் திறந்ததும் நான், "எஞ்சின் போச்சாங்கண்ணா?" என்றேன். "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, அது பாட்டுக்கு இருக்குது. அதுக்குப் போற சாப்பாட்டப் பாப்போம்" என்றார்.

இன்ஜெக்டர் என்பது நாசிலும் அதைத் திறக்கிற வால்வும் சேர்ந்த பாகம். மூன்று இன்ஜெக்டரிலும், மிச்ச டீசல் திரும்புகிற ரிட்டர்ன் குழாயைக் கழற்றி மூன்று சின்ன பாட்டிலில் விட்டு, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டார். இரண்டு பாட்டிலில் ஒரே அளவு, மூன்றாவதில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அழுத்தத்தைப் பிடித்து வைக்க வேண்டிய வால்வு தேய்ந்து, டீசல் திரும்பி ஓடுகிறது. அதனால்தான் ஸ்டார்ட் செய்யும்போது ரெயிலில் அழுத்தம் ஏற நேரமாகிறது. இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர் பம்ப்புக்கும் ஆயில் கிடையாது, ஓடுகிற டீசல்தான் அவற்றுக்கு வழவழப்பு. அதில் தண்ணீர் வந்தால் இரும்போடு இரும்பு உரசும், துருவும் பிடிக்கும். வடித்த டீசலை வெயிலில் தூக்கிப் பிடித்து மினுமினுப்பு இருக்கிறதா என்று அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பம்ப் தேய்ந்து இரும்புத் தூள் கலந்திருந்தால் பம்ப், ரெயில், மூன்று இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். நல்லவேளை, இல்லை.

ஒரு புது இன்ஜெக்டர் 17,400 ரூபாய். புதிய காப்பர் வாஷர் போட்டுத்தான் உட்கார வைத்தார், பழையதைத் திரும்பப் போட்டால் காற்று கசியும் என்றார். புது இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இ.சி.யூ.வில் ஏற்றினார். ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஒரு மயிரிழை அளவுக்கு வேறுபடும், அந்த வேறுபாடு எவ்வளவு என்பது அந்த எண்ணில் இருக்கிறது. இதைச் செய்யாமல் மாட்டிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. வண்டி ஓடும், ஆனால் ஸ்லோ ஸ்பீடு நடுங்கும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார், உயிர் சம்பந்தப்பட்டது. பழைய எஞ்சினில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். அப்பாவே செய்து பார்த்திருக்கிறேன். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

அதற்கப்புறம் என் பழக்கம் மாறியது. கம்பெனி சொல்வதைவிட முன்னதாக, 15,000 கி.மீ.க்கு ஒருமுறை டீசல் ஃபில்டரை மாற்றுகிறேன். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அடித் திருகைத் திறந்து வடித்துப் பார்ப்பேன். கால் டேங்குக்குக் கீழே போக விடுவதில்லை. ஜீப் டீசல் இல்லாமல் நின்றால், டீசல் ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்துவிட்டுக் கிளம்பலாம், இந்தப் பம்ப் காய்ந்து ஓடினால் தேய்ந்துவிடும். பங்கில் லாரி வந்து டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்குக்குப் போய்விடுவேன், அடியில் கிடக்கிற கசடு கலங்கியிருக்கும். மலை ஏறி நின்றதும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஓட விடுகிறேன், டர்போ ஆறட்டும் என்று.

மைலேஜ், டேங்க் நிரப்பி நிரப்பிப் பார்த்த கணக்கு: மலையும் ஊரும் கலந்து 14, பெங்களூர் நெடுஞ்சாலையில் 17. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்து 90,000இல் ஒருமுறை கழுவினேன். வேறு சொல்ல எதுவும் இல்லை.

இப்போது டீசல் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வருகிற பி.எஸ்.6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டி.பி.எஃப். என்கிற வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்கிற கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்க வேண்டும், அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். என் மச்சான் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி கடைக்கும் வீட்டுக்குமாகத்தான் ஓட்டுகிறார். எட்டே மாதத்தில் விளக்கு எரிந்தது. ஓமலூர் தாண்டித் தொப்பூர் வரைக்கும் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள் மச்சான் என்றேன், அணைந்துவிட்டது. மலை ஏறுகிறவருக்கு, வெளியூர் ஓடுகிறவருக்கு டீசலை நான் தயங்காமல் சொல்வேன். தினமும் நாலு கி.மீ. ஓட்டுகிறவர் பெட்ரோல் வாங்கிக்கொள்ளட்டும்.

என் வண்டியில் மற்ற இரண்டு இன்ஜெக்டரும் வாங்கியபோது வந்தவைதான். 1,50,000இல் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்கலாம் என்று பட்டறை அண்ணன் சொல்லியிருக்கிறார். அளவு தவறியிருந்தால் இரண்டையும் மாற்றப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். விற்கிற எண்ணம் இல்லை.