கூத்துக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

வட ஆற்காட்டுப் பக்கம் கூத்துக் குழுக்கள், ஊர்க் கோயில் குழுக்கள், பழைய ஏடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிற குடும்பங்கள் என்று தேடிப்பிடித்து ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் 'பண்பாட்டு மானிய ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு இருக்கும். எங்கள் சங்கத்திடம் பணத்தையும் பொருளையும் வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயரைச் சொன்னாலும் பெரிய பயன் இல்லை, அடுத்த ஊருக்கு வேறு பெயரில்தான் வருவார்கள். செய்யும் வேலை ஒன்றுதான், அதனால் அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் செய்யாறு வட்டத்தில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. எங்கள் கூத்து வாத்தியார் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கூத்து நோட்டுகள் இருக்கின்றன. அவர் தாத்தா காலத்திலிருந்து சேர்ந்தவை. மளிகைக் கடையில் வைத்திருப்பார்களே, அந்த நீளமான கணக்கு நோட்டு, சிவப்புத் துணி அட்டை. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எல்லாம் விருத்தம், தரு என்று பாட்டும் இடையில் வசனமுமாகக் காப்பியிங் பென்சிலில் எழுதியிருக்கும். ஓரத்தில் எந்த ஊரில் ஆடினார்கள், எவ்வளவு அட்வான்ஸ், எந்த இரவு மழையில் கூத்து நின்றது என்பதெல்லாம் இருக்கும். எனக்கு அந்த ஓரக் குறிப்புகள்தான் பாட்டைவிடப் பெரிய சொத்து என்று தோன்றும். தாள் பொடிந்துகொண்டிருக்கிறது. அதை ஸ்கேன் எடுத்து வைக்க வேண்டும், கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய பழைய கிரீடம், தோளில் கட்டுகிற புஜகீர்த்திகளை முறையாகப் படம்பிடித்துப் பட்டியல் போட வேண்டும், நாலு பிள்ளைகளுக்கு முகவீணை என்கிற ஊதுகுழலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்காகத்தான் சங்கம் ஆரம்பித்து, 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவும் செய்திருந்தோம்.

துரியோதனன் விழுகிற படுகளத்தன்று தரையில் கிடக்கிற துரியோதனன் மண் உருவத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஆலோசகர் என்று வந்த அந்த ஆளும் ஒருவர். நல்ல பேச்சு. கூத்தை நடத்திச் செல்கிற கட்டியங்காரன் வேஷத்தைப் பற்றி, அகவலைப் பற்றியெல்லாம் விஷயம் தெரிந்தவர் மாதிரி பேசினார். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சார், இவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே, மத்திய கலாச்சார அமைச்சகத்தில் 20 லட்சம் வரைக்கும் கிடைக்கும். எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்றார்.

முழுப் பொய் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனாவில் விழா, கருத்தரங்கு, பட்டறை, நாடகத் தயாரிப்பு போன்றவற்றுக்கு உதவி உண்டு. வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம். 20 லட்சம் என்பது விதிவிலக்காகக் கொடுப்பது. அதே திட்டத்தில் குருவுக்கும் சீடர்களுக்கும் மாதாமாதம் உதவித்தொகை தருகிற ரெப்பர்ட்டரி மானியம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. எங்களைப் போன்ற குழுக்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மாதா மாதம் வாத்தியார் கணக்குக்குப் போகிற பணத்தில் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

முதலில் தொண்டு அமைப்புகளுக்கான தர்பண் பதிவு, வருமான வரியில் 12ஏ, 80ஜி எல்லாம் முடித்துத் தருவதாக 10,000 வாங்கினார். நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. சங்கத்தின் பான் எண், நிர்வாகிகளின் விவரம், பதிவுச் சான்று இருந்தால் ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த எந்தப் பிள்ளையும் செய்துவிடும். அப்புறம் 'திட்ட அறிக்கை' தயாரிக்க 40,000. கூடவே கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்ஹெட் தாள்கள், தர்பண் பாஸ்வேர்டு. இந்த இரண்டையும் எவன் கேட்டாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள். உங்கள் பெயரில் எந்த அலுவலகத்துக்கு எந்தக் கடிதம் போகிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

திட்ட அறிக்கை வந்தது. ஸ்பைரல் பைண்டிங், வண்ண அட்டை, அட்டையில் எங்கள் வாத்தியார் கர்ணன் வேஷத்தில். பார்க்க ஜோர். உள்ளே புரட்டினால் நடுவில் 'எமது கிராமத்தின் கத்புத்லி கலைஞர்கள்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கத்புத்லி என்றால் ராஜஸ்தான் பொம்மலாட்டம். யாருக்கோ செய்த அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதையும் முழுதாக மாற்றவில்லை. செலவுப் பட்டியலில் போக்குவரத்து என்ற தலைப்பில் ஒட்டக வாடகை! செய்யாற்றில் ஒட்டகம். வாத்தியார் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நோட்டுகள் எத்தனை, என்ன நிலையில் இருக்கின்றன, யார் ஸ்கேன் எடுப்பார், பிறகு எங்கே வைப்போம் என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "டெல்லியில் யாரும் படிக்க மாட்டார்கள் சார், கனம்தான் பார்ப்பார்கள்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகுதான் அடுத்தடுத்த கதைகள் ஆரம்பித்தன.

ஒன்று, கம்பெனிப் பணம். ஒரு கம்பெனி 25 லட்சம் சி.எஸ்.ஆர். நிதி தரும், நாங்கள் 15 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிவிட வேண்டும், மிச்சம் சங்கத்துக்கு. கம்பெனிச் சட்டம் 135ஆவது பிரிவின்படி, ஒரு அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் பாரம்பரியம், கலை, பண்பாடு பாதுகாப்பும் உண்டு. ஆகவே நேர்மையான வழியிலும் இந்தப் பணம் வரும். அதற்குச் சங்கம் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். ஆனால் ரொக்கமாகத் திருப்புவது என்பது கம்பெனியின் கறுப்புப் பணத்துக்கு நம் சங்கத்தை வாசல் ஆக்குவது. 25 லட்சத்துக்கு ரசீதும் செலவுக் கணக்கும் கையெழுத்தும் நம்முடையது, நாளைக்கு வருமான வரி நோட்டீஸும் நம் வீட்டுக்குத்தான் வரும். எங்கள் ஆடிட்டர் போனிலேயே கத்தினார். அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

அடுத்தது லண்டன். பிரிட்டிஷ் நூலகத்தில் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் ஒன்று இருக்கிறது, 2004 முதல் நடக்கிறது. அதில் வாங்கித் தருகிறேன், நோட்டுகளை மொத்தமாகக் கொடுங்கள், லண்டனுக்கு அனுப்பி ஸ்கேன் செய்து திரும்பத் தருவார்கள் என்றார். இது அந்தத் திட்டத்தின் விதிக்கே நேர் எதிர். மூல ஆவணம் அதன் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, இங்கேயே வைத்துத்தான் படமெடுக்க வேண்டும், நகல்தான் அங்கே போகும் என்பது அவர்களுடைய அடிப்படை நிபந்தனை. விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது. போதாததற்கு, எங்கள் மாதிரிச் சின்னச் சங்கம் வெளிநாட்டுப் பணத்தை நேரே வாங்கவே முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேண்டும், வாங்கியவர் அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. "எங்கள் கணக்கில் வாங்கி உங்களுக்குத் தள்ளிவிடுகிறோம்" என்று அவர் சொன்னது சட்டப்படியே நடக்காத காரியம்.

இவ்வளவு சட்டமும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நோட்டுகளைக் காப்பாற்றியது வாத்தியாரின் பிடிவாதம்தான். "தம்பி, எங்க அப்பாரு சம்பந்தி வீட்டுக்கே இந்த நோட்டைக் கொடுத்ததில்ல. இவன் யாரு?" என்று பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக வந்தது அனுமதி ஆணை. கூரியரில், சிங்கத் தலை முத்திரையோடு, எங்கள் சங்கத்துக்கு 18 லட்சம் ஒதுக்கியிருப்பதாக. அதை விடுவிக்க 35,000 ரூபாய் 'பாதுகாப்பு வைப்புத் தொகை' கட்ட வேண்டும், பணம் வந்ததும் திரும்பக் கிடைக்கும். ஊரே சந்தோஷப்பட்டது, பொருளாளர் கட்டியும்விட்டார். அந்தத் தாள் இப்போது காவல்துறையிடம் இருக்கிறது. நான் எடுத்து வைத்த நகலைப் பார்த்துச் சொல்கிறேன்: முத்திரையில் சிங்கத்துக்குக் கீழே இருக்க வேண்டிய 'சத்யமேவ ஜயதே' இல்லை. தொடர்புக்குக் கொடுத்திருந்தது ஜிமெயில் முகவரி. அரசு அலுவலக மெயில் என்றால் கடைசியில் ஜிஓவி டாட் இன் அல்லது என்ஐசி டாட் இன் இருக்கும். வைப்புத் தொகை போக வேண்டிய கணக்கு ஒரு தனியார் கடையின் பெயரில். எந்த அமைச்சகமும் மானியம் கொடுப்பதற்கு முன் உங்களிடம் பணம் கேட்காது, அது மட்டும் உறுதி. அரசுப் பணம் பி.எஃப்.எம்.எஸ். என்கிற அரசின் இணையப் பட்டுவாடா முறை வழியாக நேரே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரும், அதுவும் தவணையாக. செலவு செய்த பிறகு ஆடிட்டர் கையெழுத்தோடு பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும், 2017 பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவம். அதைக் கொடுக்காவிட்டால் அடுத்த பணம் வராது. நடுவில் ஆள் நுழைய இடமே இல்லை.

ஆணை வந்த கையோடு, டெல்லிக் கமிட்டி முன்னால் காட்ட வேண்டும் என்று ஒரு ஜோடி புஜகீர்த்தியை அந்த ஆள் எடுத்துப் போயிருந்தார். 'சாம்பிள் 2 எண்ணிக்கை' என்று அவருடைய லெட்டர்ஹெட்டில் எழுதி, தேதி போட்டு வாங்கி வைத்திருந்தோம். இன்றைக்கு வழக்கில் எங்கள் கையில் உறுதியாக இருப்பது அந்த ஒரு துண்டுச் சீட்டுதான். போன் அடுத்த வாரத்திலிருந்து ஸ்விட்ச் ஆஃப். கார்டில் இருந்த சென்னை முகவரிக்குப் போய்ப் பார்த்தால் ஜெராக்ஸ் கடை. கடைக்காரர், "உங்களுக்கு முன்னால் தஞ்சாவூரிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்" என்றார்.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் முதலில் இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். போலி அரசு ஆணையைக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 318, போலி ஆவணத்துக்கு 336. மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள், மனு ரசீது வாங்காமல் நகராதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது, நாள் கடந்தால் கஷ்டம்.

இப்போது விண்ணப்பத்தை நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம், தமிழில் எழுதி, கல்லூரியில் படிக்கிற வாத்தியார் பேத்தி ஆங்கிலத்தில் போடுகிறாள். நோட்டுகளுக்கு எண் போட்டுப் பட்டியல் தயார். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி, 1994லிருந்து பழைய நூல்களைப் பாதுகாக்கிற வேலையைச் செய்கிற இடங்கள் இருக்கும்போது ஆலோசகர் எதற்கு என்று சங்கத்தில் எல்லோருக்கும் இப்போது கேள்வி.

புஜகீர்த்தி விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும். நூறு வருடம் தாண்டிய கைவினைப் பொருள் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், ஏற்றுமதி செய்யக் கூடாது. அதனால் உள்நாட்டுப் பழம்பொருள் கடைகளில்தான் கிடக்கும் என்று நினைக்கிறோம். காரைக்குடி, புதுச்சேரி, மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் கண் வையுங்கள். எடை குறைந்த மரம், சிவப்பும் பச்சையும் பூசி ஓரத்தில் காக்காப்பொன் தகடு. இடதுபக்கத்ததில் கீழ்க் கண்ணாடி உடைந்து அந்த இடத்தில் பச்சை வளையல் துண்டு பதித்திருக்கும். இரண்டின் பின்பக்கத்திலும் கத்தியால் கீறிய சின்ன மீன். பார்த்தால் விலை பேச வேண்டாம், கடைக்காரருக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கோ செய்யாறு காவல் நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள்.